மூடத் தெரியாத இலைகள்

வெள்ளிக்கிழமை அதிகாலை நாலே முக்காலுக்குத் திருவனந்தபுரத்திலிருந்து என் வீட்டுக்காரருக்கு விமானம். இன்னும் எத்தனை நாள் என்று எண்ண எனக்கு மனசு வரவில்லை. அதனால் வாழைக்கன்றுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினாறு தட்டு, தட்டுக்கு ஐம்பது குழி, ஆக எண்ணூறு நேந்திரன். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு எண்ணியபோது எழுநூற்று எழுபத்தாறு நின்றது. முந்தின நாளும் அதே எண்ணிக்கைதான். இருந்தாலும் இரண்டாம் தடவையும் எண்ணினேன்.

கன்றுகள் இருந்தது மேலகரத்தில் எங்கள் வீட்டுப் புறவாசலில். குழாய்களை வில்லாக வளைத்து ஊன்றி, மேலே பாலித்தீன் போர்த்திய கூடாரம். ஆள் குனிந்துதான் உள்ளே போக முடியும். உள்ளே போனால் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியாது. கூடாரத்தைக் கட்டியது என் வீட்டுக்காரர் துல்கர்னைன். சவுதியில், தம்மாமில் ஏ.சி. மெக்கானிக். பதினோரு வருஷமாக, இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மாசம் வந்து போகிறவர். நாங்கள் சேர்ந்து இருந்த நாட்களையெல்லாம் கூட்டினால் ஒரு வருஷம் தேறினால் அதிகம். இதற்கிடையில் சஃப்ரின் பிறந்து ஐந்தாம் வகுப்புக்கும் வந்துவிட்டாள்.

இந்தத் தடவை வந்த மூன்றாம் நாளே அவராக ஒரு பேச்சை எடுத்தார். "நீ இந்தச் செடி வேலைய எடுத்துச் செய்யப் போறேல்லா. அது நின்னுட்டுன்னா நான் போவல. ரெண்டு பேருமாச் சேந்து பெருசாப் போடுவோம். நிக்கலன்னா டிக்கெட் இருக்கவே இருக்கு" என்றார்.

நான் "சரி" என்றேன். போகாதீர்கள் என்று சொல்லவில்லை. எங்கள் தெருவில் வெளிநாட்டுக்குப் பயணம் போகிற ஆளிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. சொன்னால் அங்கே போய் அவருக்கு வேலையில் மனசு நிற்காது என்பார்கள். என் உம்மா என் வாப்பாவிடம் சொன்னதில்லை. நானும் பதினோரு வருஷமாகப் பெட்டி கட்டிக் கொடுத்து, பெட்டியின் மேல் மார்க்கரால் பேர் எழுதிக் கொடுத்து, கார் திரும்புகிற வரைக்கும் வாசலில் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். உள்ளே போய் அழுவது என் சொந்த விஷயம். ஆக, நான் சொல்ல வேண்டியதை எண்ணூறு வாழைக்கன்றுகள் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். அதுகள் என்ன பாவம் செய்தனவோ.

கன்றுகளைக் கொடுத்தது இலஞ்சி ரோட்டில் இருக்கும் திசு வளர்ப்பு லேப். நான் அங்கே மூன்று வருஷம் புட்டி கழுவியிருக்கிறேன். லேப் பொறுப்பு பரமேஸ்வரன் அண்ணாச்சிக்கு. ஜெல்லி போன்ற கூழில் புட்டிக்குள்ளேயே முளைத்து வளரும் கன்றுகளை வெளியே எடுத்துத் தட்டில் நட்டு, வெளிக்காற்றுக்குப் பழக்கி, தோட்டத்துக்குப் போகிற மாதிரி ஆக்கிக் கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். நூற்றுக்கு எண்பது நின்றால் இனிமேல் வருஷம் பூராவும் உனக்குத்தான் என்றார்.

தட்டுகளை வேனில் ஏற்றும்போது ஒரு கன்றின் இலையை விரல்மேல் வைத்துக் காட்டினார். "இதுக புட்டிக்குள்ள வளந்த புள்ளைக. உள்ள எப்பவும் ஈரம். வெயிலும் தெரியாது, காத்தும் தெரியாது. தோட்டத்து வாழை இலையத் தொட்டிருப்பேல்லா, மேல மெழுகு தேச்ச மாரி வழுவழுன்னு இருக்கும். தண்ணி உள்ளேருந்து வெளிய போவாம அந்த மெழுகுதான் காக்கும். இதுக்கு அது கெடையாது. அதுபோக, இலைல கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வாய் ஆயிரக்கணக்குல இருக்கு. வெயில் ஏறி காத்தடிச்சா தோட்டத்து இலை அத மூடிக்கிடும். இதுகளுக்கு மூடத் தெரியாதும்மா. புட்டிக்குள்ள மூடுததுக்கு அவசியமே வரலயே. தெறந்தது தெறந்தபடி கெடக்கும். நீதான் கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கணும்."

எப்படிப் பழக்குவது என்றும் சொன்னார். முதல் வாரம் கூடாரம் மூடியே இருக்க வேண்டும். இரண்டாம் வாரம் காலையில் கால் மணி நேரம், மாலையில் கால் மணி நேரம் பாலித்தீனைத் தூக்கிவிட வேண்டும். மூன்றாம் வாரம் ஒரு மணி, இரண்டு மணி என்று கூட்டிக்கொண்டு போனால் நாலாம் வாரம் அரை நாள் திறந்து கிடந்தாலும் கன்று தாங்கும்.

எட்டாம் நாள் காலையில் தூக்கினேன். ஐந்து நிமிஷம் ஆகவில்லை, ஓரத்துத் தட்டில் நாலு கன்று தலையைத் தொங்கப் போட்டன. டக்கென்று மூடிவிட்டேன். மறுநாள் மூன்று நிமிஷம் திறந்தேன். மூன்றாம் நாள் கூடாரத்தின் ஓரத்தைப் பிடித்தேன், தூக்கவில்லை. அதற்குப் பிறகு பக்கத்தில் போவதே தண்ணீர் தெளிக்க மட்டும்தான்.

அண்ணாச்சி தினமும் வாட்ஸப்பில் "தெறந்தியாம்மா?" என்று கேட்பார். "தெறந்தேன் அண்ணாச்சி" என்று போடுவேன். மூன்றாம் வாரம் "ஒரு மணி நேரம்" என்று போட்டேன். கூடவே ஒரு போட்டோவும். போட்டோவில் கன்றுகள் பச்சைப் பசேலென்று, இலை அகலமாக, பார்த்தால் கண்பட்டுவிடும் போல இருந்தன. அண்ணாச்சி கட்டை விரல் தூக்குவார். ஒவ்வொரு தடவையும், இன்று பொய், நாளைக்கு நிஜமாகத் திறந்துவிடலாம் என்று நினைத்துக்கொள்வேன். எழுநூற்று எழுபத்தாறு நிற்கிறதே, எதற்கு வம்பு என்று மறுநாளும் விட்டுவிடுவேன். அந்த எண்ணிக்கை குறைந்தால் வியாழக்கிழமை ராத்திரி கார் வந்துவிடும் என்பதுதான் என் பயம்.

செவ்வாய்க்கிழமை இருபத்திரண்டாம் நாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே சாரல். அன்று சஃப்ரினுக்கு ஆதாரில் பிறந்த தேதியைத் திருத்த வேண்டியிருந்தது. பிள்ளையின் கைரேகை வேண்டும் என்பதால் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு அவளையும் கூட்டிக்கொண்டு தென்காசிக்குக் கிளம்பினேன். நான் அவளுக்குச் சடை பின்னும்போது அவர் புறவாசலிலிருந்து வந்தார். கையில் அவர் தொழிலுக்கு வைத்திருக்கும் ஈரம் அளக்கிற மீட்டர்.

"கூடாரத்துக்குள்ள தொண்ணூத்தி அஞ்சு இருக்கு. வெளியிலயும் தொண்ணூத்தி மூணு காட்டுதுட்டி. ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்.

நான் ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு "ம்" என்றேன். அந்த "ம்" என்றதை நினைத்தால் இப்போதும் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஆதார் மையத்தில் எங்கள் டோக்கன் நாற்பத்து நாலு. கூடத்தில் உட்கார இடமில்லை. சுவரில் சாய்ந்து நின்று, பத்தே முக்காலுக்குத்தான் போனை எடுத்துப் பார்த்தேன். ஒன்பது மணிக்கு அவர் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். கூடாரத்தின் பாலித்தீன் இரண்டு பக்கமும் சுருட்டிக் கட்டப்பட்டிருந்தது. அத்தனை தட்டும் வெட்டவெளியில், இலைமேல் சாரல் பொடிப்பொடியாக. கீழே எழுதியிருந்தார்: "ஒன் புள்ளைகளுக்குச் சாரல் குளியல்."

அவரைக் குறை சொல்லி என்ன. இரண்டு வருஷம் மணலில் கிடந்துவிட்டு வருகிற ஆள். சாரல் பொழிகிறது என்றால் குடையை மடக்கி வைத்துவிட்டு முகத்தை நீட்டுகிற ஊர் எங்கள் ஊர். சாரல் யாருக்காவது கெடுதல் செய்யும் என்று இங்கே பிறந்தவர்களுக்குத் தோன்றவே தோன்றாது. எனக்கும் ஒரு நொடி, நல்லதுதானே என்றுதான் இருந்தது. பிறகு தலையை நிமிர்த்தி ஜன்னலைப் பார்த்தேன். வெளியே நின்ற பைக்குகளின் சீட்டெல்லாம் காய்ந்து, கண்ணாடிகளில் வெயில் பளீரென்று அடித்தது. வேப்பமரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. சாரல் எப்போது விட்டதென்று தெரியவில்லை. அரை மணியா, ஒரு மணியா.

போன் போட்டேன். எடுக்கவில்லை. ஏழு தடவை போட்டேன். எடுக்கவில்லை.

"உம்மா, நமக்கு முன்னால இன்னும் மூணு பேருதான்" என்றாள் சஃப்ரின். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்து ஆட்டோ பிடித்தேன்.

சீசன் கூட்டம். குற்றாலத்துக்குப் போகிற வேனும் காரும் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. பக்கத்து வேனில் ஒருவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, அருவியில் தண்ணீர் நிறைய விழுகிறதா என்று எங்கள் ஆட்டோக்காரரிடம் விசாரித்தார். ஆட்டோக்காரரும் வண்டியை அணைத்துவிட்டு விவரமாகப் பதில் சொன்னார். எனக்கு அந்த இரண்டு பேரையும் கடித்துக் குதற வேண்டும் போலிருந்தது. போகிற வழியெல்லாம் வானத்தைப் பார்த்தேன். மலை மேல் மேகம் இருந்தது, எங்கள் பக்கம் ஒரு துண்டு இல்லை. யா அல்லாஹ், ஒரு மேகத்தை மட்டும் இந்தப் பக்கம் தள்ளிவிடு என்று கேட்டுக்கொண்டே போனேன்.

வீடு பூட்டியிருந்தது. பக்கவாட்டுச் சந்து வழியாகப் புறவாசலுக்கு ஓடினேன்.

அத்தனையும் சாய்ந்து கிடந்தன. வதக்கிய கீரை மாதிரி தட்டோடு ஒட்டிக் கிடந்தன. இலை ஓரங்களில் பழுப்பு ஏறத் தொடங்கியிருந்தது. பாலித்தீனை மெக்கானிக் கையால் ஒழுங்காகச் சுருட்டி, அவிழாதபடி கம்பியால் முறுக்கியிருந்தார். அதைப் பிரிக்க எனக்கு விரல் வரவில்லை. பல்லால் இழுத்துப் பிரித்து மூடினேன். மூடிய பிறகும் வெயில் உள்ளே இறங்கியது. கொடியில் கிடந்த போர்வை, அவருடைய இரண்டு கைலி, என் பழைய துப்பட்டா எல்லாவற்றையும் தொட்டித் தண்ணீரில் முக்கிக் கூடாரத்தின் மேல் போட்டேன். சஃப்ரின் ஒரு தெளிப்பானை எடுத்தாள், நான் ஒன்று. உள்ளே மண்டியிட்டு, தட்டு தட்டாகப் பனி மாதிரி தெளித்தோம். வெள்ளிக்கிழமைக்கும் இந்தக் கன்றுகளுக்கும் என்ன சம்பந்தம் என்பது அவளுக்கும் தெரியும்.

அரை மணி கழித்து ஸ்கூட்டர் சத்தம். தலை ஈரமாக, தோளில் துண்டோடு, கையில் ஒரு பை ரம்புட்டானோடு அவர் வந்தார். செடிகளைக் குளிக்க விட்டுவிட்டு அவரும் ஐந்தருவிக்குக் குளிக்கப் போயிருந்தார். போன் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் இருந்திருக்கிறது.

குனிந்து உள்ளே பார்த்தார். பை கையிலிருந்து இறங்கியது.

"நான் மீட்டர் வச்சுப் பாத்தேன்ட்டி. தொண்ணூத்தி மூணு."

"ஒங்க மீட்டர் சாரல் எப்ப விடும்னு சொல்லுமா மச்சான்? காத்தடிக்கும்னு சொல்லுமா?" எனக்கு வாய் நிற்கவில்லை. "மூணு வாரம். மூணு வாரம் பொத்திப் பொத்தி வச்சிருந்தேன்."

அவர் உள்ளே வந்து சஃப்ரினிடமிருந்து தெளிப்பானை வாங்கிக்கொண்டார். மத்தியானம் பூராவும் இரண்டு பேரும் தெளித்தோம். சோறு ஆறிக் கிடந்தது. மூன்று மணி வாக்கில், நடுவில் இருந்த தட்டுகளில் சில கன்று இலேசாகத் தலை தூக்கின. ஓரத்துத் தட்டுகளில் அசைவே இல்லை.

"நான் வீட்டுல இருந்தா இப்படித்தான்" என்றார் அவர், தட்டைப் பார்த்துக்கொண்டே. "மூணு வார வேலைய ஒரு காலைல கெடுத்துட்டேன். நான் அங்க கெடந்தாத்தான் இங்கன எல்லாம் ஒழுங்கா நடக்கும் போல."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். இருபத்திரண்டாம் நாள் கன்று ஒரு மணி நேர வெயிலையும் காற்றையும் தாங்கியிருக்க வேண்டும், தாங்காமல் போனது என் பொய்யால்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சொன்னால் இத்தனை நாள் அண்ணாச்சிக்கு அனுப்பிய ஒவ்வொரு போட்டோவுக்கும் பதில் சொல்ல வேண்டும். நான் அடுத்த தட்டுக்கு நகர்ந்தேன்.

ஐந்து மணிக்குப் பரமேஸ்வரன் அண்ணாச்சி வந்தார். என் வீட்டுக்காரர்தான் போன் பண்ணி வரச் சொல்லியிருந்தார். அண்ணாச்சி கூடாரத்துக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தலை தூக்கியிருந்த ஒரு கன்றின் இலைமேல் விரல் நுனியால் ஒரு சொட்டு தண்ணீர் விட்டார். சொட்டு உருண்டு ஓடவில்லை. இலை மேல் பரவிக்கொண்டு அப்படியே நின்றது.

"மெழுகே பிடிக்கலயேம்மா. மூணு வாரத்து இலை இப்படி இருக்காதே." என்னைத் திரும்பிப் பார்த்தார். "நான் சொன்ன மாரி தெறந்து விட்டியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "அவ எல்லாம் சரியாத்தான் செஞ்சா அண்ணாச்சி. கண்ணுங்கருத்துமாப் பாத்தா. தப்பு எம்மேலதான். நான்தான் பெரிய இவன் மாரி மீட்டரத் தூக்கிட்டு வந்து தெறந்து விட்டேன். அவள ஒண்ணும் சொல்லாதீங்க."

கை கட்டிக்கொண்டு நின்று சொன்னார். தலை முடி காய்ந்து பறந்துகொண்டிருந்தது. இந்த மனுஷன் என் பொய்யையும் பெட்டியில் வைத்துக் கட்டி எடுத்துக்கொண்டு போகப் போகிறார் என்று தோன்றியது. என்னால் தாங்க முடியவில்லை.

"தெறக்கல அண்ணாச்சி" என்றேன். "ரெண்டே நாள்தான் தெறந்தேன். அதுவும் அஞ்சு நிமிஷம். நாலு செடி தொங்கிட்டு. பயந்து போய் மூடிட்டேன். ஒங்களுக்கு அனுப்பினதெல்லாம் பொய்."

அண்ணாச்சி திட்டுவார் என்று நின்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார்.

"போட்டோவுல பாக்கும்போதே நெனச்சேன். பழக்குன செடி அவ்வளவு தளதளன்னு இருக்காது. கேக்காம விட்டது என் தப்பு" என்றார்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அண்ணாச்சியிடம் திரும்பி, ஏ.சி. ரிப்பேர் பார்க்க வந்த இடத்தில் விசாரிப்பது போலக் கேட்டார். "ஏன் அண்ணாச்சி, இலைல இருக்க அந்த வாய எப்பவும் மூடியே வச்சுக்கிட்டா தண்ணி போவாதுல்லா? அப்படி ஒரு செடி இருந்தா நல்லதுதானே?"

"அது வழியாத்தான் காத்த உள்ள இழுத்து இலை சமைக்கும். மூடியே கெடந்தா தண்ணி மிச்சம், சோறு கெடையாது. மூடவும் தெரியணும், தெறக்கவும் தெரியணும்."

அண்ணாச்சி ஓரத்துத் தட்டை இழுத்து, செத்த மாதிரிக் கிடந்த ஒரு கன்றின் இலைகளை விலக்கிக் காட்டினார். நடுவில் தீக்குச்சி அளவுக்குக் குருத்து, வெளிர்ப் பச்சையாகச் சுருண்டு நிமிர்ந்து நின்றது. "இந்த இலையெல்லாம் கருகிப் போயிரும். போவட்டும். இனிமே வெளிய வந்து விரியுத இலைதான் நமக்கு இலை. குருத்து சாவாம இருந்தா பொழைக்கும். மூணு நாளைக்கு அசைக்காம மூடி வையி. சனிக்கிழமை காலைலேருந்து தெற. மொதல்ல அஞ்சு நிமிஷம். தொங்குனாலும் மூடாத."

"எத்தன நிக்கும் அண்ணாச்சி?"

"ரெண்டு வாரம் கழிச்சுத்தான் தெரியும்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள தெரியாதா?"

"செடிக்கு வெள்ளிக்கிழமை தெரியுமாம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுதுவிட்டு வந்து அவர் முன்னறையில் அட்டைப்பெட்டியை இழுத்துப் போட்டார். மூடியை மடக்கி, பழுப்பு டேப்பைக் கிர்ரென்று இழுத்து ஒட்டினார். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்காது. கோபமாக இருக்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை, களைப்புதான். வழக்கம்போல மார்க்கரை என்னிடம் நீட்டினார்.

"பேர எழுதித் தா."

மார்க்கரை வாங்கி மூடியைக் கழற்றினேன். பெட்டியின் மேல் குனிந்தேன். மொழுமொழுவென்று வெறும் அட்டை. அவர் பேரின் முதல் எழுத்தைப் போடக் கையை வைத்தேன். எண்ணூறு செடிகளை எனக்காகப் பேச விட்டதற்கு அதுகள் தலையைத் தொங்கப் போட்டுவிட்டன. இரண்டு வாரம் கழித்து எத்தனை நின்றால் என்ன, இந்தப் பெட்டி அதற்கு முன்னாலேயே தம்மாமில் இருக்கும்.

"போவாதீய மச்சான்" என்றேன்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. "செடி நிக்கலயேட்டி. நிக்குமான்னு தெரியாதுன்னுல்லா அண்ணாச்சி சொல்லுதாரு."

"நின்னாலும் போவாதீய. நிக்காட்டாலும் போவாதீய. எனக்கு நீங்க இங்கன வேணும். சஃப்ரினுக்கு வேணும். செடியெல்லாம் அதுக்குப் பொறவுதான்." எனக்கு மூக்கு ஒழுகியது. துப்பட்டா கூடாரத்தின் மேல் கிடந்தது, முழங்கையால் துடைத்தேன்.

அவர் டேப்பின் நுனியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"பதினோரு வருஷத்துல ஒரு தடவ இதச் சொல்லலியே நீ" என்றார்.

"சொன்னா ஒங்களுக்கு அங்க மனசு நிக்காதுன்னுதான்."

"சொல்லாமலும் நிக்கத்தான் இல்ல" என்றார்.

வெளியே மறுபடியும் சாரல் விழத் தொடங்கியிருந்தது. கூடாரத்துப் பாலித்தீன் மேல் மெல்லிசாகச் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாக அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, டேப்பைப் பெட்டி மேல் வைத்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். டிக்கெட்டைப் பார்க்கிறாரோ என்று எட்டிப் பார்த்தேன்.

"சனிக்கிழமை காலைல எத்தன மணிக்குத் தெறக்கணும்?" என்று கேட்டார்.

"ஆறரை" என்றேன்.

அலாரம் வைத்தார். "நீ தெறந்தா ரெண்டு நிமிஷத்துல மூடிருவ. நான் பக்கத்துல நிக்கேன்."